புளி போட்டுத் தேய்ப்பது ரெடாக்ஸா?

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: சோடியம் குளோரினில் எரிவது ஆக்சிஜனேற்றமா? கொஞ்சமும் யோசிக்காமல் 'இல்லை, இதில் ஆக்சிஜனே கிடையாது' என்று எழுதினேன். மதிப்பெண் சைபர். பெயரிலேயே ஆக்சிஜனை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டால் எப்படி என்று கோபம்தான் வந்தது.

அந்தக் கோபத்தில் பாதி நியாயம் உண்டு, ஏனென்றால் பெயர் மிகப் பழையது. எரிவதும் துருப்பிடிப்பதும் ஆக்சிஜன் சேர்வதால்தான் என்று 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாவாய்சியர் காட்டினார். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர் இது. ஒடுக்கம் என்பதன் கதை இன்னும் சுவையானது. தாதுவைக் காய்ச்சி உலோகம் எடுத்தால் எடை குறைகிறது. 160 கிராம் இரும்பு ஆக்சைடில் 112 கிராம்தான் இரும்பு. எடை ஒடுங்கியதால் ஒடுக்கம். 1897இல் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு விளக்கம் மாறிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இப்போது ஒடுங்குவது எடையல்ல, ஆக்சிஜனேற்ற எண், அதாவது ஒரு அணு எத்தனை எலக்ட்ரானை இழந்தது அல்லது பெற்றது என்று காட்டும் கணக்கு. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

எலக்ட்ரானை இழந்தால் எண் கூடும் என்பதும் ஆரம்பத்தில் குழப்பியது. இழந்தால் குறையத்தானே வேண்டும்? ஆனால் எலக்ட்ரான் எதிர்மின்சுமை உள்ளது. அது போகப் போக எண் மேலே ஏறும். கடைசியில் மனத்தில் நின்றது பாட்டி அடிக்கடி சொல்லும் பேச்சு: கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. எலக்ட்ரானைக் கொடுத்த சோடியம் 0இலிருந்து +1க்கு ஏறியது, வாங்கிய குளோரின் 0இலிருந்து −1க்கு இறங்கியது. ஏறியது ஆக்சிஜனேற்றம், இறங்கியது ஒடுக்கம். இரண்டும் சேர்ந்தே நடக்கும் வினைக்குப் பெயர்தான் ரெடாக்ஸ்.

அடுத்த குழி ஆக்சிஜனேற்றி. அது தானே ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று நினைத்துப் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். ஏணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவரை ஏற்றிவிடும், தான் ஏறாது. மேலே சொன்ன வினையில் குளோரின்தான் ஏணி.

சரி, ஒரு வினை ரெடாக்ஸா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். வீட்டு உதாரணம் எழுதச் சொன்னபோது, செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதை எழுதினேன். கறுத்த குடம் பளபளக்கிறதே, அது வினை இல்லையா? வினைதான். ஆனால் எண்ணைப் பாருங்கள். குடம் கறுத்தபோது செம்பு 0இலிருந்து +2 ஆனது, அது ரெடாக்ஸ். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தக் கறுப்பு ஆக்சைடைக் கரைக்கும்போது செம்பு +2 ஆகவே இருந்து கரைசலுக்குப் போகிறது. யாரும் கொடுக்கவில்லை, வாங்கவில்லை. சுண்ணாம்பு நீற்றுவதும் அப்படித்தான். கொதிக்கும், சீறும், கை வைத்தால் பொத்துவிடும், ஆனால் ஒரு எண்கூட மாறாது. மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் சத்தமே இல்லாமல் செம்பு படியும், நீலம் வெளுக்கும். இது அசல் ரெடாக்ஸ். ஆகவே ஆர்ப்பாட்டத்தை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் எண் போட்டுப் பாருங்கள்.

எண் போடுவதற்கு அதிக விதிகள் தேவையில்லை. தனித்த தனிமத்துக்கு 0. ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் −2, ஹைட்ரஜனுக்கு +1, மொத்தக் கூட்டுத்தொகை மின்சுமைக்குச் சமம். பொட்டாசியம் டைகுரோமேட்டில் (K₂Cr₂O₇) பொட்டாசியத்துக்கு +1 போட்டால் குரோமியம் +6 என்று இப்படியே வந்துவிடும். விதிவிலக்குகளில் ஹைட்ரஜன் பெராக்சைடை மட்டும் கண்டிப்பாக நினைவில் வையுங்கள், அங்கே ஆக்சிஜன் −1. அது சிதையும்போது ஒரு பகுதி ஆக்சிஜன் 0க்கு ஏறும், மறு பகுதி −2க்கு இறங்கும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே வீட்டுக்குள். தேர்வுக்குக் கேள்வி எடுப்பவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

சமன் செய்வதில் என் தவறு, அணுக்களை மட்டும் எண்ணிவிட்டு முடித்துக்கொண்டதுதான். மின்சுமையும் சமமாக வேண்டும். அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட் ஒன்று, ஃபெரஸ் அயனி (+2 இரும்பு) ஐந்து, ஹைட்ரஜன் அயனி எட்டு. சுமைகளைக் கூட்டினால் −1, +10, +8, ஆக +17. மறுபக்கம் மாங்கனீஸ் +2, ஐந்து ஃபெரிக் அயனிகள் (+3 இரும்பு) +15, அதுவும் +17. தண்ணீருக்குச் சுமை இல்லை. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? மாங்கனீஸ் +7இலிருந்து +2க்கு இறங்க ஐந்து எலக்ட்ரான் வேண்டும், ஒரு ஃபெரஸ் அயனி ஒன்றுதான் தரும்.

இதே வினைதான் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் வரும். நீர்த்த கந்தக அமிலம் ஏன், ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது என்று வாய்மொழியில் கேட்பார்கள். பெர்மாங்கனேட் குளோரைடையும் குளோரினாக ஏற்றிவிடும், பியூரெட் (கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கும் குழாய்) காட்டும் அளவு தப்பாகும். நைட்ரிக் அமிலமும் கூடாது, அதுவே ஒரு ஆக்சிஜனேற்றி. அப்புறம், பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுங்கள்.

மாதிரிச் செய்முறைத் தேர்வில் பதற்றத்தில் அமிலம் சேர்க்கவே மறந்துவிட்டேன். கூம்புக் குடுவையில் இளஞ்சிவப்புக்குப் பதில் சேற்றுத் தண்ணீர் மாதிரி பழுப்பாகக் கலங்கியது. ஆசிரியர் அருகில் வந்து பார்த்துவிட்டு, "மாங்கனீஸ் எதில் நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் யோசித்து, "+4, சார். மாங்கனீஸ் டைஆக்சைடு" என்றேன்.

"சரி, கொட்டிட்டு மறுபடி எடு."