சட்டப் படிப்பின் செய்முறைத் தாள்கள்: ஒரே ஒரு கேஸ் கட்டைக் கடைசித் தாள்வரை படியுங்கள்

இறுதி செமஸ்டர் முடிவுகள் வந்துவிட்டன. எழுத்துத் தாள்களில் எனக்குக் கிடைத்தது நடுத்தர மதிப்பெண்தான். மொத்தத்தைத் தூக்கி நிறுத்தியவை செய்முறைத் தாள்கள். வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்த சிலருக்கு நிலைமை நேர்மாறாக அமைந்தது. நிம்மதியோடும் கொஞ்சம் எரிச்சலோடும்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தாள்களை எப்படி அணுகுவது என்று மூன்று ஆண்டுகளில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. “சீனியர் யாரிடமாவது ரெக்கார்டு (செய்முறைப் பயிற்சிகளை எழுதித் தரும் நோட்டு) வாங்கிக்கொள்” என்பதே எங்களுக்குக் கிடைத்த ஒரே வழிகாட்டல்.

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் வகுத்த செய்முறைத் தாள்கள் நான்கு: வரைவு, தொழில்நெறி, மாற்றுமுறைத் தீர்வு, மூட் கோர்ட்டும் இன்டர்ன்ஷிப்பும். வரைவுத் தாளில் வழக்குரைகள் 15, பத்திரங்கள் 15, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், ஆக 90. வாய்மொழித் தேர்வுக்கு 10. இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள், ரெக்கார்டை அழகாக எழுதி முடித்துவிட்டால் 90 கைக்கு வந்துவிட்டது, மீதிப் பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் தேர்வாளர் உங்கள் ரெக்கார்டைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்கிறார். நீங்கள் எழுதிய பத்தி அங்கே ஏன் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், அந்தத் தொண்ணூறையும் அவர் வேறு கண்ணோடுதான் பார்ப்பார்.

ஆகவே, முப்பது மாதிரிகளை மனப்பாடம் செய்வதைவிட, தீர்ப்பாகி முடிந்த ஒரு சிவில் வழக்கின் கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படிப்பது மேல். இன்டர்ன்ஷிப் செய்யும் அலுவலகத்தில் சீனியரிடம் அனுமதி கேளுங்கள். அவர் சரி என்று சொன்னபின் குமாஸ்தாவிடம் போங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு நிலத்தில் தலையிடக் கூடாது என்று நிரந்தரத் தடையாணை கோரிய வழக்கு. வக்கீல் நோட்டீஸ், அதன் ஒப்புகை அட்டை, வக்காலத்து, வழக்குரை, இடைக்காலத் தடை மனு, அதற்கான பிரமாணப் பத்திரம், எதிர்வழக்குரை, எழுவினாக்கள், சாட்சிய நகல்கள், தீர்ப்பு எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. இவை அனைத்தையும்விட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது, வழக்கு நம்பர் ஆவதற்கு முன் நீதிமன்ற அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியபோது எழுதிய குறிப்புதான். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் தடையாணைக்குரிய பிரிவு 27ஐக் காட்டாமல் விளம்புகைக்குரிய (உரிமையை அறிவிக்கக் கோருவது) பிரிவு 25ஐக் காட்டியிருந்தார்கள். சொத்து விவரத்தில் நான்கெல்லையில் ஓரெல்லை விடுபட்டிருந்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 3 அசையாச் சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு விவரிக்கச் சொல்வது ஏன் என்பது அந்த ஒரு குறிப்பில் விளங்கிவிட்டது. அதன் பிறகு, வழக்குரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி 1இன் பட்டியலை நான் உருப்போடவே இல்லை. கட்டைப் புரட்டிய வரிசையிலேயே அது நினைவில் நின்றது.

அந்தக் கட்டைப் படித்தவரிடம் எந்தக் கேள்வியும் அதிகம் பலிக்காது என்பது என் எண்ணம். வாய்மொழித் தேர்வில் எங்கள் குழுவிடம் கேட்கப்பட்டவற்றில் நினைவில் நிற்பவை:

- வழக்குமூலம் (வழக்குத் தொடுக்கக் காரணமான நிகழ்வு) எந்தத் தேதியில் எழுந்தது? அந்தத் தேதியை வழக்குரையில் ஏன் சொல்ல வேண்டும்?
- வழக்குரையின் இறுதியில் வரும் சரிபார்ப்பில், சொந்த அறிவில் தெரிந்தவை எந்தப் பத்திகள், பிறர் சொல்லி உண்மையென நம்புபவை எந்தப் பத்திகள் என்று பிரித்துக் காட்டியிருக்கிறீர்களா?
- எதிர்வழக்குரைக்கு 30 நாள். நீட்டித்தால் எத்தனை நாள் வரை?
- கிரயப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் (சாட்சிகளின் கையெழுத்து) சட்டப்படி கட்டாயமா? (இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 54 அதைக் கேட்கவில்லை. தானத்துக்குப் பிரிவு 123 இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. வழக்கத்தில் கிரயத்திலும் இருவர் கையெழுத்திடுவதால் பெரும்பாலோர் தயங்காமல் “ஆம்” என்றார்கள்.)
- உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

குற்றவியல் பக்கத்தில் சீனியர்களின் பழைய ரெக்கார்டு வெறும் சோம்பலுக்கு வழி என்பதோடு நிற்காமல், ஆபத்தாகவும் ஆகிவிட்டது. புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நண்பர் ஒருவர், 2025இல் நடந்ததாகக் கற்பனை செய்த குற்றத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 439இல் ஜாமீன் மனு எழுதியிருந்தார். அது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 483. இன்னும் வம்பானது 482 என்ற எண். பழைய சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய சட்டத்தில் அதே எண் முன்ஜாமீன், உள்ளார்ந்த அதிகாரமோ 528க்குப் போய்விட்டது. சொல்லிவைத்தாற்போல் எல்லாரிடமும் இது கேட்கப்பட்டது.

அதற்காக ரெக்கார்டு முழுவதும் பழைய எண்களை அடித்துத் திருத்திவிடவும் கூடாது. நீங்கள் நேரில் பார்த்த விசாரணை அந்த ஜூலைக்கு முன்பே தொடங்கி நிலுவையில் இருந்த வழக்கு என்றால், புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 531இன் பாதுகாப்பால் அது பழைய நடைமுறையிலேயே தொடரும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கேள்வி கேட்டது பிரிவு 313இன் கீழ்தான், 351இன் கீழ் அன்று. ஒரே ரெக்கார்டில் ஒரு பக்கம் பழைய சட்டமும் மறுபக்கம் புதிய சட்டமும் இருப்பது பிழையாகாது. ஏன் அப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மூட் கோர்ட் தாளில் விசாரணையைப் பார்வையிடும் பகுதிக்கு 30 மதிப்பெண்: ஒரு சிவில், ஒரு குற்ற வழக்கு. உண்மையிலேயே நீதிமன்றத்துக்குப் போனீர்களா என்பதை ஒரே வரி காட்டிக்கொடுத்துவிடும். சிவில் வழக்கில் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகிறது. சாட்சி கூண்டில் ஏறியதும் ஆவணங்களைக் குறியீடு செய்து, நேரே குறுக்கு விசாரணைக்குப் போகிறார்கள். வாதியின் வழக்கறிஞர் முதல் விசாரணையில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டதாகச் சிலர் சினிமா வசனம்போல எழுதியிருந்தார்கள். குற்ற வழக்குக்குப் பலரும் காசோலை பணமின்றித் திரும்பிய வழக்கைத் தேர்வு செய்கிறார்கள், சீக்கிரம் முடியும் என்று. அது தனியார் புகார் என்பதால், முதல் தகவல் அறிக்கை, ரிமாண்டு, புலன் விசாரணை அதிகாரியின் சாட்சியம் எதுவும் அதில் கிடையாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு சாதாரணத் திருட்டு வழக்கோ காய வழக்கோ போதும். வாய்தா வாங்கி இழுத்தாலும் அதில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது.

மூட் கோர்ட்டைப் (மாதிரி நீதிமன்ற வாதம்) பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். நான் கூட்டத்தில் பேசக் கூசுபவன். ஒவ்வொரு மூட் கோர்ட்டிலும் எழுத்துக்கு 5, வாதத்துக்கு 5 என்பதால், எழுத்துரையில் முழு மூச்சாக உழைத்து, நீதிபதி இடைமறிக்கும்போது அதிலேயே பத்தி எண்ணைக் காட்டிப் பதில் சொன்னேன். குரல்வளம் உள்ளவர்களுக்கு இது தேவைப்படாது.

தொழில்நெறித் தாளுக்குத் தீர்ப்புகளின் பெயர்களை அடுக்காமல், ஒவ்வொன்றிலும் வழக்கறிஞர் என்ன செய்தார் என்பதை நினைவில் வையுங்கள். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்ற ஆர்.டி. சக்சேனா வழக்கு (2000), ஒரு கட்டைக் கையில் வைத்துப் படித்தவருக்கு மறக்கவே மறக்காது. மாற்றுமுறைத் தீர்வுத் தாளுக்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 89, அதை விளக்கிய ஆஃப்கான்ஸ் தீர்ப்பு (2010), லோக் அதாலத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்ற சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 21, 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம். இவற்றைத் தாண்டி அங்கே நான் சிரமப்படவில்லை.

இன்டர்ன்ஷிப்புக்கு மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டில் 20. ஆண்டுக்கு நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ச்சியாகச் செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடம், ஒரு நிறுவனம், ஒரு தொண்டு அமைப்பு என்று போகச் சொல்வார்கள். விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரின் அதே அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதையே நான் சொல்வேன். போன விடுமுறையில் நோட்டீசாக இருந்தது அடுத்த விடுமுறையில் வழக்குரையாகியிருப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

இன்டர்ன்ஷிப் டைரி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். கட்சிக்காரர் சீனியரிடம் பேசியதைப் பதியும்போது பெயர், ஊர், சர்வே எண் எதையும் எழுதாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 132 காக்கும் இரகசியம் அது, தேர்வாளரும் அதைக் கவனிக்கிறார். சீனியரின் கையொப்பத்தை வாரந்தோறும் வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் மொத்தமாக நீட்டினால் படித்துப் பார்க்காமலே போட்டுத் தருவார்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே பேனா, ஒரே தேதி என்றிருக்கும் டைரியைத் தேர்வாளர் இரண்டாவது பக்கத்திலேயே மூடி வைத்ததை நான் பார்த்தேன்.