பனைமரத்தடியில் ஒரு வைன் சுற்றுலா

மெல்போர்னில் வசிக்கும் என் அக்காள் மகள், கணவரோடும் ஒன்பது வயது மகளோடும் இந்தச் சித்திரையில் ராமநாதபுரம் வந்திருந்தாள். வந்து இறங்கிய அன்றே மாப்பிள்ளை என்னிடம் ஒரு திட்டத்தை விரித்தார். அவர்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் யாரா பள்ளத்தாக்கு என்ற பகுதி இருக்கிறதாம். அங்கே 1838லேயே திராட்சைக் கொடி நட்டுவிட்டார்களாம். விடுமுறை நாளில் வண்டி அமர்த்திக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், ஒவ்வோர் இடத்திலும் அரை வாய் வைனும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும் ருசித்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார்களாம். "யாரது பள்ளத்தாக்கு?" என்று அக்காள் அடுக்களையிலிருந்து கேட்டாள். விளக்கிச் சொன்ன பிறகும் அவளுக்கு அது கடைசிவரை யாருடைய பள்ளத்தாக்கோவாகத்தான் இருந்தது.

"அதே போன்ற ஒரு நாளை நம் கடற்கரையில் நடத்திப் பார்க்கலாம் மாமா. இங்கே பதநீர் இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது, கீழக்கரைத் தொதல் இருக்கிறது. முறையாக ருசி பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை" என்றார் மாப்பிள்ளை. அறுபது ஆண்டுகளாக இவற்றை முறையில்லாமல் விழுங்கி வந்தவன் என்ற வகையில் நான் சற்றே கூச்சத்துடன் தலையாட்டினேன்.

பயண நேரத்தைக் குறிப்பதிலேயே முதல் தகராறு வந்தது. யாராவில் பத்து மணிக்கு மேல்தான் கதவைத் திறப்பார்கள் என்பதால், முதலில் திருப்புல்லாணி, அடுத்துக் கீழக்கரை, பதினோரு மணிக்குச் சாயல்குடிப் பக்கம் பதநீர் என்று மாப்பிள்ளை எழுதி வைத்திருந்தார். அக்காள் அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள். வைன் பல ஆண்டுகள் காத்திருக்கும் பொருளாக இருக்கலாம், பதநீர் நமக்காகப் பத்து மணிவரை கூடக் காத்திருக்காது என்பது அவளுடைய வாதம். அதில் குற்றம் காண முடியாததால் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுவது என்று முடிவாயிற்று.

வேன், எங்கள் தெருத் தம்பி ஒருவருடையது. அவரிடம் தொலைபேசியில் பேசியவர் மாப்பிள்ளை. "வைன் டூர் மாதிரிதான் தம்பி, நாள் முழுக்க ருசி பார்ப்பதுதான் வேலை, ஆனால் வண்டி ஓட்டுகிறவர் மட்டும் குடிக்கக் கூடாது" என்று அவர் சொன்னதில், முதல் பாதி மட்டும் அந்தத் தம்பியின் காதில் தங்கியிருக்க வேண்டும். விடியற்காலை நாலே முக்காலுக்கே சலவைச் சட்டையும் திருநீறுமாக, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவரைப் போல் வந்து நின்றார்.

சாயல்குடியை நெருங்கியபோது கிழக்கு வெளுத்திருந்தது. சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய வரை பனைதான். பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியின் கூரை மேல் புகை மெல்ல எழுந்துகொண்டிருந்த ஒரு தோப்பின் ஓரமாக வண்டியை நிறுத்தினோம். இறங்கிய மாப்பிள்ளை தோப்புக்குள் கால் வைக்காமல், கைக்குட்டையால் தம் காலணியின் அடிப்பாகத்தைத் துடைக்கத் தொடங்கினார். யாராவில் 2006ஆம் ஆண்டில் திராட்சை வேரை அரிக்கும் ஃபைலாக்சரா என்ற பூச்சி கண்டுபிடிக்கப்பட்டதாம். காலணி மண்ணோடு அது அடுத்த தோட்டத்துக்குப் பரவிவிடும் என்பதால் வருகிறவர்கள் கொடிகளுக்கு இடையே நடக்கக் கூடாது என்பது அங்குள்ள கட்டுப்பாடாம். அந்த நேரத்தில் மரத்திலிருந்து இறங்கிய பனையேறிப் பெரியவர், காலில் தளைநாரும் இடுப்பில் அருவாப்பெட்டியுமாக நின்று, இவர் காலணி துடைப்பதையும் தம்முடைய வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ளே வாங்க ஐயா, இது கோயில் இல்லை" என்றார்.

பேத்தியிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. நிறம், மணம், சுவை, பின்சுவை என்று நான்கு கட்டங்கள் போட்டு மாப்பிள்ளை தயாரித்தது. சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழை அவள் மறக்காமல் இருக்கட்டும் என்று எழுதும் பொறுப்பு அவளுக்குத் தரப்பட்டிருந்தது. பின்சுவை என்றால் என்ன என்று அவள் கேட்டாள். விழுங்கி முடித்த பிறகும் போகாமல் நிற்பது என்றார் தகப்பனார். அவளுக்கு விளங்கவில்லை, அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள்.

பெரியவர் கலயத்திலிருந்து பதநீரை வடித்து, குருத்தோலையைப் பட்டையாக மடித்து நீட்டினார். மாப்பிள்ளையோ அதை அன்புடன் மறுத்துவிட்டுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த நீண்ட காம்புள்ள இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை எடுத்தார். கோப்பையில் மூன்று விரற்கடை ஊற்றச் சொன்னார். பிறகு காம்பைப் பிடித்து, வைனை மணக்கச் செய்வதற்காக அங்கே சுழற்றுவது போலவே சுழற்றினார். கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு பதநீரில் மெல்லத் தங்கி அடியில் படிவதுதான் வழக்கம். இவர் சுழற்றிய சுழற்சியில் அந்தச் சுண்ணாம்பு முழுவதும் கிளம்பி, கோப்பைக்குள் வெள்ளையடித்த சுவர் கரைந்ததைப் போல் ஒரு மேகம் சுற்றி வந்தது. "ஆட்டாதீங்க ஐயா, தெளியட்டும்" என்றார் பெரியவர், பதறிப்போய்.

"இது எந்த வருடத்தது?" என்று மாப்பிள்ளை வாய் தவறிக் கேட்டுவிட்டார். பழக்க தோஷம்.

"இன்றைக்குத்தான். நேற்று மாலை சீவிய பாளை, இன்று காலையில் இறக்கியது" என்றார் பெரியவர் நிதானமாக.

மரத்துக்கு மரம் சுவை மாறுமா என்பது அடுத்த கேள்வி. மாறும் என்றார் அவர். ஆனால் சுண்ணாம்பு ஒரு சிட்டிகை கூடிவிட்டால் எல்லா மரமும் ஒரே மரம்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த மரங்களை யார் நட்டது என்று கேட்டதற்கு, தம்முடைய பாட்டனார் காலத்தில் ஏதோ ஒரு கொட்டை தானாக முளைத்திருக்கும் என்றார். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்ற பழமொழியை அக்காள் எடுத்து விட்டாள். 1838 என்ற எண்ணை மறுபடி சொல்ல வாய் திறந்த மாப்பிள்ளை பேசாமல் மூடிக்கொண்டார்.

அதன் பிறகுதான் அன்றைய தினத்தின் பெரும் அவமானம் நிகழ்ந்தது. ஒரு மிடறு வாயில் வைத்து, கன்னங்களை உப்பி, இங்கும் அங்கும் அலசிய மாப்பிள்ளை, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதைப் புல்லில் துப்பினார். பல வகைகளை ருசிக்கும் நாளில் போதை ஏறாமலிருக்க அங்கே வாளி வைத்துத் துப்புவார்கள் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம், பெரியவர் அறிந்திருக்கவில்லை. இருட்டோடு எழுந்து இருபது மரத்துக்கு மேல் ஏறி இறங்கிய மனிதர், தம் பதநீர் தரையில் விழுவதைப் பார்த்து, "புளித்துவிட்டதா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த கவலையைத் தாங்க முடியாமல் அக்காள் மூன்று பட்டை, நான் மூன்று பட்டை, என் அக்காள் மகள் இரண்டு பட்டை என்று வரிசையாகக் குடித்துக் குடும்ப மானத்தை மீட்டோம். துப்பியவர் பரிகாரமாக ஐந்து பட்டை குடித்தார். வேன்காரத் தம்பி மட்டும், "எனக்கு வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒதுங்கி நின்றார். எந்தப் பிறகைச் சொன்னார் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

விடிலிக்குள் பெரியவரின் மனைவி, அகன்ற வட்டையில் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். காய்ந்த பனையோலை அடுப்பில் சடசடக்க, நுரை பொங்குவதும் அடங்குவதுமாக இருந்தது. பாகு இறுகியதும் அகப்பையிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டது. இறக்கி, வரிசையாகப் பரப்பியிருந்த சிரட்டைகளில் ஊற்றினார். வெப்பமானியும் இல்லை, கடிகாரமும் இல்லை. சிரட்டைக்குப் போகாமல் வட்டையின் விளிம்பில் ஒட்டிக்கொண்ட பாகை ஓர் ஓலைத் துண்டில் வழித்துப் பேத்தியிடம் நீட்டினார். நான்கு கட்டக் குறிப்பேடு பத்து நிமிடம் மணலில் கிடந்தது.

புறப்படும்போது மாப்பிள்ளை இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் கழுத்துவரை பதநீரை நிரப்பிக்கொண்டார். காலையிலும் மாலையிலும் ஒரே பொருளை ருசித்து ஒப்பிடப் போகிறாராம். "மூடியை இறுக்காதீங்க, உச்சிப் பொழுதுக்குள் குடித்துவிடுங்க" என்று பெரியவர் சொன்னார். மாலைவரை வைத்தால் என்ன ஆகும் என்று தம்பி ஆர்வமாகக் கேட்டார். "என்ன ஆகும், கள்ளாகத்தான் ஆகும். 1987லிருந்து அதற்குத் தடை இருக்கிறது தெரியாதா?" என்றார் பெரியவர். தம்பியின் முகத்தில் அன்று காலை முதல் இல்லாத ஒரு தெளிவு பிறந்தது. அதன் பிறகு அவர் ஓட்டும்போது சாலையைப் பார்த்த நேரத்துக்கு ஈடாக, பின் இருக்கையின் அடியில் சால்வையில் சுற்றி வைத்திருந்த அந்தப் புட்டியையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

வழியில் ஓரிடத்தில் குண்டு மிளகாயைச் சிவப்புப் பாய் விரித்தது போல் காயப்போட்டிருந்தார்கள். 2023ஆம் ஆண்டில் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நான் பெருமையாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஷாம்பெயின் என்ற வைனின் பெயரை அது பிறந்த பிரெஞ்சு வட்டாரத்தார் காப்பாற்றுவது போலத்தானே இதுவும் என்று உருகிய மாப்பிள்ளை, இறங்கிப்போய் ஒரு கை அள்ளி, கோப்பைக்குள் மூக்கை விடும் அதே பக்தியுடன் உள்ளங்கைக்குள் மூக்கை விட்டு ஆழமாக இழுத்தார். ஏர்வாடி வரும்வரை தும்மினார். மணம் என்ற கட்டத்தில் பேத்தி, "முப்பத்தொன்று" என்று எழுதினாள். எண்ணியிருக்கிறாள்.

கீழக்கரையில் என் பழைய அலுவலக நண்பரின் வீட்டில் மதியச் சாப்பாடு. செத்தும் கொடுத்த சீதக்காதியின் ஊர் அது; உயிரோடு இருக்கிற நண்பர் எவ்வளவு கொடுப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மீன் வகைகளை எண்ணுவதை நான்காவதோடு நிறுத்திக்கொண்டேன். கடைசியில் வட்டிலப்பமும் தொதலும் வந்தன. தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து வரும்வரை மணிக்கணக்கில் கிண்டினால்தான் தொதல் என்று நண்பரின் மனைவி சொன்னார். காலையில் பட்டையில் குடித்தது மதியத்தில் கத்தியால் வெட்டும் பதத்தில் தட்டில் இருந்தது. இதற்கு இணையாக எதைப் பருகுவது என்று மாப்பிள்ளை கேட்டதற்கு நண்பர் சற்றும் யோசிக்காமல், "இன்னொரு துண்டு தொதல்" என்றார். இரண்டு மணி நேரம் அங்கேயே கண்ணயர்ந்தோம். வண்டி தெருவில், சித்திரை வெயிலில் நின்றது. புட்டியும் நின்றது.

மாலையில் திருப்புல்லாணி. தசரதர் பாயசம் பெற்றுப் பிள்ளைப் பேறு அடைந்த தலம் என்பது ஐதீகம். அக்காளுக்கு இந்தச் சுற்றுலாவில் இருந்த ஒரே உள்நோக்கம் இந்த ஊர்தான் என்பது, பிரசாதப் பாயசத்தை வாங்கிக்கொண்டு அவள் மகளை நோக்கி நடந்தபோது வெட்டவெளிச்சமாயிற்று. "இதைத் துப்பினால் நான் உங்களோடு வரமாட்டேன், பேருந்தில் போய்க்கொள்கிறேன்" என்று மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஆனால் மகள் தாயைவிடக் கெட்டிக்காரி. கோயிலைச் சுற்றி வருவதற்குள், நாள் முழுவதும் எதுவும் கிடைக்காமல் வாடியிருந்த தம்பியின் கையில் தன் பங்கைக் கொடுத்துவிட்டாள். அவர் இரண்டு மடக்கில் முடித்தார். அவருக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்பதைப் பிறகு கேட்டறிந்த அக்காள், அந்தப் பாயசம் யாருக்கு எப்போது பலிக்கும் என்று வழிநெடுகப் புலம்பிக்கொண்டே வந்தாள்.

ராமநாதபுரத்தை நெருங்கும் வேளையில் பின் இருக்கையின் அடியிலிருந்து பாம்பு சீறுவது போல் ஒரு சத்தம் வந்தது. புட்டி உருண்டு திரண்டு, வயிறு வீங்கி, நிற்கவும் முடியாமல் சாயவும் முடியாமல் இருந்தது. காற்றை மட்டும் வெளியேற்றிவிடலாம் என்று எண்ணிய மாப்பிள்ளை அதை மடியில் நிறுத்தி மூடியைத் திருகினார். அடுத்த நொடியில் வேனின் கூரை, அக்காளின் பட்டுச்சேலை, என் மூக்குக்கண்ணாடி, மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை ஆகிய அனைத்தும் ஒரே நீராட்டில் புனிதமடைந்தன. புளித்த வாசனை, கண்ணாடிகளைத் திறந்தும் போகவில்லை. வாகனச் சோதனைக்காகப் போட்டிருந்த தடுப்பு அப்போதுதான் எதிரில் தெரிந்தது.

பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். நாங்கள் கள்ளிலேயே குளித்துவிட்டு, பதநீர்தான் குடித்தோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கதவைத் திறந்த காவலர் ஓரடி பின்வாங்கினார். தம்பியிடம் கருவியை நீட்டி ஊதச் சொன்னார். பூஜ்யம். மூக்கு சொல்வதும் கருவி சொல்வதும் பொருந்தாததால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பூஜ்யம்தான். மாப்பிள்ளை நொதித்தல் வினையை இயல்பாக விளக்க முயன்றுகொண்டிருந்தபோது, துண்டு நழுவி இரண்டு வைன் கோப்பைகள் உருண்டு வந்து காவலரின் காலடியில் நின்றன.

எங்களைக் காப்பாற்றியது குறிப்பேடுதான். பேத்தி அதைத் தானாகவே நீட்டினாள். காவலர் கைவிளக்கின் வெளிச்சத்தில் படித்தார்: "காலை 6.40. பதநீர். நிறம்: கலங்கல், அப்பா ஆட்டிவிட்டார். மணம்: சுண்ணாம்பு. சுவை: அப்பா துப்பிவிட்டார்." அவருடைய மீசை லேசாக அசைந்தது. புட்டியின் அடியில் மீந்திருந்ததை முகர்ந்தார்.

"மூடியை இறுக்கினீர்களா?" என்றார்.

"ஆமாம்" என்றார் மாப்பிள்ளை.

"எங்கள் அப்பாவும் பனையேறிதான். அங்கேயே சொல்லியிருப்பார்களே" என்று கூறி, மிச்சத்தைச் சாலையோரத்தில் ஊற்றச் சொல்லிவிட்டுப் போக அனுமதித்தார். கடைசிச் சொட்டு மண்ணில் இறங்கும்வரை தம்பி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

வீட்டு வாசலில் வாடகையைக் கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஓட்டியதற்குச் சரியாக இருக்கிறது மாமா. மூன்று தடவை ஊதியதற்கு ஊதியம்?" என்றார். வேனைக் கழுவும் செலவோடு அதையும் சேர்த்துக் கொடுத்தேன். உள்ளே பேத்தி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலையிலிருந்து காலியாகக் கிடந்த பின்சுவைக் கட்டத்தில் பெரிய எழுத்துகளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். "போலீஸ்" என்று எழுதியிருந்தாள்.