கால்குலேட்டர் சின்னத்தில் நின்றேன்

சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன், டெபாசிட் போய்விட்டது. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டிய 10,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். எனக்கு விழுந்தவை சில நூறு வாக்குகள். 2021 மே 2-ஆம் தேதி முடிவு வந்ததிலிருந்து, "எதுக்கும்மா நின்னீங்க?" என்று கேட்காதவர்கள் இல்லை. எல்லாருக்கும் நின்றபடியே பதில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். மனுவும் எழுதித் தருவேன். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வருமானச் சான்று என்று ஊரின் பாதிக் கவலை என் மேஜை வழியாகத்தான் போகும். இப்போது இ-சேவை மையத்தில் ஆன்லைனில் போடலாம், ரசீது எண் வரும், எல்லாம் சரி. ஆனால் விசாரணை அறிக்கை ஒரு மனிதர் கையில்தானே இருக்கிறது? அங்கேதான் மனு நிற்கும். காரணம் எழுத மாட்டார்கள், நிராகரிக்கவும் மாட்டார்கள். நிராகரித்தால் மேல்முறையீடு போகலாமே! சும்மா வைத்திருந்தால் எங்கே போவது? ஆயிரம் ரூபாய் உதவித்தொகைக்கு மூவாயிரம் கொடுத்த ஒரு பாட்டி அதை என்னிடம் சொல்லி அழவில்லை. கரண்ட் பில் கட்டியதைப் போலச் சொன்னார். அன்றுதான் நிற்பது என்று முடிவு செய்தேன்.

சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும். பத்து பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பணம் கட்டுவதைவிட இதுதான் கடினம். தெரிந்தவர்கள் நிறையப் பேர் தயங்கினார்கள். "உங்க மேல மரியாதை இருக்குக்கா, ஆனா என் பட்டா உள்ள கெடக்கே" என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனு தேங்கிக் கிடந்தால் ஒரு குடும்பத்தின் வாயே கட்டப்பட்டுவிடுகிறது. கடைசியில் கையெழுத்துப் போட்டவர்களில் தையல்காரர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். மற்றவர்கள் ஆபீஸில் இனி எந்த வேலையும் இல்லாத வயதானவர்கள்.

அடுத்தது படிவம் 26, சொத்து மற்றும் வழக்கு விவரப் பிரமாணப் பத்திரம். எதையும் காலியாக விடக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லாததற்கு 'இல்லை' என்றே எழுத வேண்டும். என் பத்திரத்தில் அந்தச் சொல்தான் அதிகம். வேட்பாளரின் சொத்தும் வழக்கும் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று 2002-இலும் 2003-இலும் வந்த தீர்ப்புகளால் கிடைத்த காகிதம் இது. அதை நான் உயர்வாகவே நினைக்கிறேன். பத்திரத்தை நூறு நகல் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். "மத்தவங்களோடதையும் கேளுங்க, தேர்தல் ஆணைய இணையதளத்துல இருக்கு" என்றேன். எனக்கு முன்னால் யாரும் அதை அவர்களிடம் காட்டியதில்லை.

செலவுக் கணக்குக்கு ஒரு பதிவேடு தருவார்கள். அன்றாடச் செலவு வெள்ளைத் தாளில், ரொக்கம் இளஞ்சிவப்பில், வங்கி மஞ்சளில். 2021 தேர்தலில் எங்களுக்கு உச்ச வரம்பு 30.8 லட்சமாக இருந்தது. நான் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. டீக்குக் கொடுத்த காசு வரை எழுதி, தேர்தல் செலவுப் பார்வையாளரிடம் காட்டினேன். அதே தெருவில் இரவில் கவரில் போன பணத்தை எந்த நிறத் தாளில் யார் எழுதினார்கள்? 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று பணப் பட்டுவாடாவால் தேர்தலே ரத்தான மாநிலம் நம்முடையது.

"அவங்க ஐநூறு குடுத்தாங்க. நீ என்ன குடுப்ப?" என்று நேராகவே கேட்டார்கள். என் சின்னம் கால்குலேட்டர். திண்ணையில் உட்கார்ந்து, போன ஐந்து வருஷத்தில் எந்தெந்த ஆபீஸில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டுக் கேட்டுக் கூட்டினேன். ஒரு வீட்டில் எட்டாயிரம் வந்தது. இன்னொரு வீட்டில் பட்டாவுக்கு மட்டும் பன்னிரண்டாயிரம். கூட்டிக் காட்டியதும் பெண்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் எனக்குப் போட்டார்களோ, ஆனால் அந்தத் தொகை அவர்களுக்கு இப்போது தெரியும்.

பிரச்சாரத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தப் பாட்டியின் மருமகள் கேட்டது: "ஏங்க்கா, நீங்க ஜெயிச்சா மட்டும் உள்ள காசு கேக்க மாட்டாங்களா?" நியாயமான கேள்வி. நான் நேர்மையானவள் என்பதால் மட்டும் ஒரு கோப்பும் நகராது. எம்.எல்.ஏ. போன் போட்டு ஒரு மனுவை நகர்த்துவது சேவை அல்ல, அது சிபாரிசு. சிபாரிசு இல்லாதவரின் மனுவும் நகர வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே சேவை உரிமைச் சட்டம் வந்துவிட்டது. குறித்த நாளுக்குள் சான்று தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். கர்நாடகாவில் 'சகாலா' என்ற பெயரில் நடக்கிறது. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், 500 ரூபாய் வரை மனுதாரருக்கே கிடைக்கும். தொகை சின்னதுதான். ஆனால் எந்தக் கோப்பு யார் மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்பது பதிவாகிறதே, அதுதான் பெரியது. 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் போட்டு நாட்டுக்கு வழிகாட்டிய தமிழ்நாட்டில் 2021 தேர்தல் நடந்தபோதும் இந்தச் சட்டம் இல்லை.

ஊழல் புகார்களை விசாரிக்க லோக் ஆயுக்தா இருக்கிறதே என்பார்கள். 2013-இன் மத்தியச் சட்டம் ஓராண்டுக்குள் அமைக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு 2018 ஜூலையில்தான் இங்கே மசோதா நிறைவேறியது. ஊழல் தடுப்புச் சட்டமும் அதே ஆண்டு திருத்தப்பட்டது. கட்டாயப்படுத்தி வாங்கினாலும், ஏழு நாளுக்குள் புகார் செய்யாவிட்டால் கொடுத்தவரும் குற்றவாளி. மூவாயிரம் கொடுத்த பாட்டிக்கு இது தெரியுமா? சட்டப்படி அவரும் குற்றவாளியாகலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2021-இல் ஆட்சிக்கு வந்த கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் சேவை உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும், கர்நாடகச் சட்டத்தின் நகலையும் எங்கள் புதிய எம்.எல்.ஏ.விடம் நேரில் கொடுத்துவிட்டேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார். சட்டமன்றத்தில் வருவாய்த் துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது இதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டாரா என்பதை இங்கேயே எழுதுவேன். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடமும் கொடுக்க நினைப்பவர்கள் கடைக்கு வாருங்கள். அந்த நகலுக்குக் காசு வேண்டாம்.