அம்மாவோடு எவோராவில் இரண்டு இரவுகள்

போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் குடியேறியவர்கள் யாரைக் கேட்டாலும் முதல் வருடம் ஒரே மாதிரிதான் போயிருக்கும். வரி எண், வீட்டு ஒப்பந்தம், வசிப்பு அட்டை, பிள்ளைக்குப் பள்ளி, மாலையில் போர்த்துகீசிய வகுப்பு. வாழ்கிற நாட்டைச் சுற்றிப் பார்க்கும் மனம் அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. எங்களுக்கு அது அம்மாவின் வருகையால் வந்தது. தூத்துக்குடியிலிருந்து மார்ச்சில் வருகிறார். லிஸ்பனை மட்டும் காட்டி அனுப்ப எனக்கு மனமில்லை.

மனைவி முதலில் போர்ட்டோ என்றாள். அழகான ஊர்தான். ஆனால் ரயிலில் மூன்று மணி நேரம், இறங்கியதும் ஆற்றங்கரை வரை செங்குத்தான தெருக்கள். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. எவோராவுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் போதும். பழைய நகரம் முழுவதும் மதில் சுவருக்குள் அடங்கியிருப்பதால் மெதுவாக நடந்தே பார்த்துவிடலாம். 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர். பலர் காலையில் லிஸ்பனிலிருந்து வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் இரண்டு இரவுகள் தங்குவது என்று முடிவு செய்தோம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் நாலு இடம் ஓடுவதில் யாருக்கும் சுகமில்லை. சாயங்காலம் ஜிரால்டோ சதுக்கத்தில் 1571-இல் கட்டிய நீரூற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடிப்பதும் ஊர் பார்ப்பதுதான்.

மாதமும் தோதாக அமைந்தது. எவோரா இருக்கும் அலென்தேஜு சமவெளி நாட்டின் மிக வெப்பமான பகுதிகளில் ஒன்று. ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் வெளியே தலைகாட்ட முடியாது. மார்ச்சில் வயல்கள் பச்சையாக இருக்கும், கார்க் மரங்களுக்கு அடியில் காட்டுப் பூக்கள் பூக்கத் தொடங்கியிருக்கும்.

ஆனால் நான் எவோராவைப் பிடித்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் வேறு. அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் விலா விசோசா என்ற சிற்றூர் இருக்கிறது. பிரகான்சா பிரபுக்களின் அரண்மனைக்காகத்தான் எல்லோரும் அங்கே போவார்கள். சுற்றிலும் பளிங்குச் சுரங்கங்கள். வாசற்படியிலும் ஜன்னல் சட்டத்திலும்கூட வெள்ளைப் பளிங்கு. அந்த ஊரில் 1520-இல் பிறந்தவர்தான் என்றிக் என்றிக்கசு அடிகளார். இயேசு சபையில் சேர்ந்து முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணம் எழுதியவர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். சொந்த ஊருக்குத் திரும்பாமல் 1600-இல் தூத்துக்குடி பக்கத்துப் புன்னைக்காயலில் இறந்தார்.

அம்மா பிறந்தது புன்னைக்காயலில். சிறுவயதிலிருந்து என்றிக்கசு அடிகளார் பெயரைக் கேட்டு வளர்ந்தவர். போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “எய்யா, அவரு பொறந்த ஊரு உங்க வீட்டுக்கு இவ்வளவு பக்கத்துலயா இருக்கு?” என்றார். அதற்குப் பிறகு வேறு ஊரைப் பற்றிய பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அந்த மனிதர் அலென்தேஜுவிலிருந்து எங்கள் கடற்கரைக்கு வந்து, வாயில் நுழையாத ஒரு மொழியை உட்கார்ந்து படித்தார். நான் எங்கள் கடற்கரையிலிருந்து இங்கே வந்து, மாலை வகுப்பில் அவருடைய மொழியோடு மல்லுக்கட்டுகிறேன். வினைச்சொற்கள் வசப்படாத நாட்களில் அவரை நினைத்துக்கொண்டால் எனக்குத் தெம்பு வருகிறது.

ஆகவே சனிக்கிழமை முழுவதும் விலா விசோசாவுக்கு. அங்கே ரயில் போவதில்லை, அன்று ஒரு நாள் மட்டும் கார் வாடகைக்கு எடுக்கிறோம். கல்வெட்டோ சிலையோ தேடி அலையப் போவதில்லை. கோட்டைக்குள் இருக்கும் அமலோற்பவ மாதா கோயிலில் அம்மா ஜெபமாலை சொல்லட்டும், தெருக்களில் நடக்கட்டும், போதும்.

ஞாயிறு எவோராவுக்கு. காலையில் பேராலயத்தில் திருப்பலி. 1186-இல் கட்டத் தொடங்கிய கருங்கல் கோயில் அது. 1584-இல் ரோமுக்குப் போகும் வழியில் ஜப்பானிய இளைஞர்கள் இங்கே தங்கி ஆர்கன் வாசித்தார்கள் என்பதை மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இசை படிக்கிற பெண், அவளுக்கு அது பிடிக்கும். பக்கத்திலேயே ரோமானியர் கோயில், பதினான்கு தூண்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் கட்டடம் 1836 வரை இறைச்சிக் கடையாக இருந்ததாம்.

பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டிய எலும்புச் சிற்றாலயத்தைப் பற்றித்தான் தயங்கினேன். சுவர் முழுக்க மனித எலும்பும் மண்டையோடும். ‘இங்கிருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று வாசலில் எழுதியிருக்கும். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. “தவக்காலத்துல பார்க்க வேண்டிய இடம்தானே அது. போவோம்” என்றார். ஊருக்கு வெளியே இருக்கும், வரலாற்றுக்கு முந்தைய அல்மென்தரஸ் கல் வட்டத்தை விட்டுவிட்டோம். இந்தப் பயணத்தில் அதற்கு இடமில்லை.

தவக்காலம் என்பதால் அம்மா இறைச்சி தொடமாட்டார். பன்றி இறைச்சிக்குப் பெயர்போன நாட்டுப்புறத்தில் என்ன செய்வது என்று மனைவி கவலைப்பட்டாள். ஆனால் அலென்தேஜு சமையலில் பூண்டும் கொத்தமல்லியும் தாராளம். பழைய ரொட்டி, பூண்டு, கொத்தமல்லி, ஆலிவ் எண்ணெய், முட்டை எல்லாம் சேர்ந்த அசோர்தா இருக்கிறது. குட்டிச் சுறாவைக் கொத்தமல்லியோடு கொதிக்க வைத்த சூப்பும் உண்டு. சுறாப்புட்டு செய்கிற கைக்கு அந்தக் கிண்ணம் அந்நியமாக இருக்காது என்றுதான் நம்புகிறேன்.

ரயில் ஏற்பாடு சுலபம். லிஸ்பனின் ஒரியென்தே, என்த்ரகாம்புஸ் நிலையங்களில் ஏறலாம். ஒரு நாளைக்குச் சில வண்டிகளே உண்டு, அதனால் திரும்பும் நேரத்தை முதலில் பார்த்து வைப்பது நல்லது. மாதம் 20 யூரோ பச்சை ரயில் பாஸ் எங்களிடம் இருக்கிறது. அது இன்டர்சிட்டி இரண்டாம் வகுப்புக்கும் செல்லும், ஆனால் முந்தைய 24 மணி நேரத்துக்குள்தான் இருக்கை பதிய முடியும். 65 தாண்டிய அம்மாவுக்குப் பாதிக் கட்டணம். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் வேண்டும். வெள்ளி மாலை வெளிச்சம் மங்குவதற்கு முன் தேஜு ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் வண்டியாகப் பார்த்திருக்கிறேன், அப்போதுதான் அக்கரையில் நிற்கும் கிறிஸ்து அரசர் சிலையை அம்மா நன்றாகப் பார்க்க முடியும். அறை மதிலுக்குள், தரைத் தளத்தில் கிடைத்துவிட்டது. தெருவெல்லாம் உருளைக் கற்கள் பாவியது, புதுச் செருப்பு வேண்டாம், பழகிய ஷூவையே போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.