சார்ஜ் பின்

பாம்பனில் போன் பழுது பார்க்கும் தம்பி, மீன்பிடிக்கப் போகும் அண்ணன் ஒருவரின் போனை லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்டினார்.

சார்ஜ் பின் செருகும் துளைக்குள் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று செம்பை அரித்த பச்சை.

"பசை போட்டு ஒட்டியிருக்காங்கண்ணே. பிரிச்சா டிஸ்ப்ளே போனாலும் போயிரும்."

மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது!

கேமரா, பேட்டரி, ஸ்பீக்கர் என்று துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் போனுக்காக கூகுள் தொடங்கிய 'ப்ராஜெக்ட் அரா'வை 2016இல் கைவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம் அந்த எண்ணத்தை விடவில்லை. அவர்களுடைய போனில் சார்ஜ் பகுதியைத் தனியாக வாங்கி, ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

கடலுக்குப் போகிறவருக்கு வானிலை, வீடு, மீன் விலை எல்லாமே அந்தப் போன்தான். இப்படி ஒரு போன் முதலில் இந்தக் கரைக்குத்தான் வந்திருக்க வேண்டும்.