மரத்தைச் சுற்றிப் பத்தடி

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சருகு வாரினேன். அமெரிக்காவில், வட கரோலினாவின் சாண்ட்ஹில்ஸ் பகுதி. கேரியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். வெள்ளை வளையம் பூசிய ஒவ்வொரு பைன் மரத்தையும் சுற்றிப் பத்தடிக்கு ஊசிச் சருகை ரேக்கால் இழுத்து, மண் தெரிய வைக்க வேண்டும். பதினோரு மரம் முடிப்பதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

அந்த மரங்களில் குடியிருப்பது ரெட்-காக்கேடட் உட்பெக்கர் என்ற சின்ன மரங்கொத்தி. ஐம்பது கிராம்கூடத் தேறுவது அபூர்வம். கருப்பும் வெள்ளையுமான உடம்பு, கன்னத்தில் பளிச்சென்று வெள்ளைத் திட்டு. பெயரில் இருக்கும் சிவப்பு, ஆணின் தலையோரத்தில் சில இறகுகள் மட்டுமே. அந்தச் சிவப்பை நான் இன்னும் பார்த்ததில்லை.

மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தில் பொந்து தோண்டும். இது உயிருள்ள பைனில்தான் தோண்டும். அதுவும் எண்பது, நூறு வயது மரமாக, பூஞ்சை பிடித்து வைரம் இளகியதாக இருந்தால்தான் தோதுப்படும். ஒரு பொந்து முடியப் பல வருடம் ஆகும். முடிந்த பிறகும் சுற்றிலும் பட்டையைக் கொத்திக் கொத்திப் பிசினை வடிய விடும். மரமேறும் எலிப்பாம்பு அந்தப் பிசினைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கோயில் விளக்குத் தூணில் எண்ணெய் வழிந்து உறைந்த மாதிரி கெட்டியாக, வெளுப்பாக இருந்தது. விரலில் ஒட்டிய டர்பன்டைன் வாசனை வீடு வரும்வரை போகவில்லை. இந்தக் காட்டில் அவ்வப்போது வேண்டுமென்றே தீ வைப்பார்கள். அப்போது இந்தப் பிசினில் பற்றினால் மரமே பந்தமாகிவிடும். அதற்குத்தான் பத்தடி.

அப்படியானால் தீயே வைக்காமல் விடலாமே? நானும் அதைத்தான் கேட்டேன். எனக்குத் தேனிப் பக்கம். கோடையில் மலையில் சிவப்பாகத் தீ ஓடுவது தெரிந்தால் வீட்டில் யாரும் சரியாகத் தூங்க மாட்டோம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கிப் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

கூட வாரிக்கொண்டிருந்த பெரியவர் பதில் சொல்லாமல் மண் பாதைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். இருபது வருடமாகத் தீ படாத இடமாம். ஓக் மரங்கள் மண்டிப் பச்சைப்பசேலென்று இருந்தது. என் கண்ணுக்கு அதுதான் காடு. அண்ணாந்து பார்த்தால் பழைய பைன்களில் பொந்துகள், எல்லாம் காலி. ஓக் கிளைகள் பொந்து மட்டத்துக்கு வளர்ந்துவிட்டால் இந்தப் பறவை இடத்தைக் காலி செய்துவிடும். கீழே நிழல் கட்டிப் புல்லும் செத்துவிடும். மரப்பட்டையில் இது பொறுக்கித் தின்னும் பூச்சிகளில் நிறைய தரையிலிருந்து ஏறி வருபவை. புல் போனால் அந்தச் சாப்பாடும் குறையும்.

மின்னலும் பூர்வகுடிகளும் வைத்த தீயில் பழகி வளர்ந்தவை இந்த லாங்லீஃப் பைன் காடுகள். கன்று முதல் சில வருடம் புல்குத்து போலத் தரையோடு இருக்கும். தீ வந்தால் ஊசிகள் கருகும், நடுக் குருத்து பிழைத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் இருந்த காடு, வெட்டியும் தீயை அடக்கியும் 30 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. 1970இல் பறவை அழியும் இனங்களின் பட்டியலில் ஏறியது. 1989இல் ஹ்யூகோ புயல் தென் கரோலினாவில் பொந்து மரங்களைச் சாய்த்தபோது, நின்ற மரங்களில் துளை வெட்டிப் பெட்டிகளைச் செருகித்தான் மீதிப் பறவைகளைக் காப்பாற்றினார்கள். 2024இல் ஒரு படி இறக்கி, ஆபத்து சற்றுக் குறைந்த பட்டியலுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தீ வைக்காவிட்டால் எல்லாம் வீண். காட்டை ஒட்டிப் புது வீடு கட்டியவர்கள் புகை வருகிறது என்று சண்டைக்கு வருகிறார்களாம். ஒரு நாள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளக் கூடாதா?

இதைப் படித்துவிட்டு நம் சோலைக்காட்டிலும் தீ வைக்கலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சோலை மரம் தீயைத் தாங்காது. அந்தக் காடு வேறு, இது வேறு.

பிப்ரவரி கடைசியில் தீ வைத்தார்கள். ஏப்ரலில் போனேன். அடிமரங்கள் ஆள் உயரத்துக்குக் கருகியிருந்தன, கரிக்குள்ளிருந்து புல் பச்சையாகக் கிளம்பியிருந்தது. நான் வாரிய வட்டங்களுக்குள் பழுப்புச் சருகு புதிதாக உதிர்ந்து கிடந்தது. பொழுது சாய்ந்ததும் கீச் கீச்சென்று ஒரு குடும்பம் வந்தது. மூத்த பையன்கள் அப்பா அம்மாவோடு தங்கி, அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவரும் இனம் இது. ஆளுக்கொரு பொந்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளே போயின. நாலாவது கொஞ்ச நேரம் வாசலில் தொற்றிக்கொண்டு பிசினைக் கொத்திக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் போனது.