ஏழாம் நாள் ஸ்லைடும் அறுபதாம் நாள் ஸ்லைடும்

முதுநிலைப் பல் மருத்துவம் படித்தபோது நான் எடுத்த ஆய்வு, வேர் சிகிச்சையில் வேர்க்குழாயை நிரப்பும் ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சாவோடு, இடைவெளியை மூடச் சேர்த்துப் பூசுகிற சீலர் என்ற பசையை உடம்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பது. சீலர் வேருக்குள் நிற்க வேண்டிய பொருள்தான். ஆனாலும் வேர் நுனித் துளை வழியாகக் கொஞ்சம் வெளியே கசிவது அடிக்கடி நடப்பது. எக்ஸ்ரேயில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டைச் சுற்றித் திசு என்ன பாடுபடுகிறது என்பது அதில் தெரியாது. அதற்காகத்தான் எலிகளை நாட வேண்டி வந்தது.

எத்திக்ஸ் கமிட்டி ஒவ்வொரு எலிக்கும் காரணம் கேட்டது. கேட்டது சரியே. ஒப்புதல் வந்த பிறகு, 10 மி.மீ. நீளப் பாலிஎத்திலீன் குழாய்களில் அப்போதுதான் குழைத்த சீலரை அடைத்து, மயக்க மருந்து கொடுத்த எலியின் முதுகுத் தோலுக்கடியில் வைத்தோம். ஒரு எலிக்கு நான்கு குழாய்: மூன்றில் மூன்று வகைச் சீலர், அதாவது துத்தநாக ஆக்சைடு யூஜினால் (யூஜினால் கிராம்பு எண்ணெயில் இருப்பது), எபாக்சி ரெசின், கால்சியம் சிலிகேட்; நான்காவது வெறும் குழாய். கத்தி பட்ட காயத்தாலும் பிளாஸ்டிக்காலும் கூட அழற்சி வருமே, அதைக் கழித்துப் பார்க்க அந்த வெறும் குழாய். பிறகு 7, 30, 60 நாட்களில் குழாயைச் சுற்றியுள்ள திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏழாம் நாள் ஸ்லைடைப் பார்த்துப் பயந்துவிட்டேன். யூஜினால் குழாயின் வாயருகே செல் கருக்கள் நீலமாக மொய்த்துக் கிடந்தன. நடுவில் கருவே இல்லாத வெளிர் சிவப்புத் திட்டு, செத்த திசு. அதன் ஓரத்தில் சீலர் துகளை விழுங்கிய மேக்ரோபேஜ்கள் என்ற துப்புரவு செல்கள், வயிற்றில் கரும்புள்ளிகளோடு. எபாக்சியும் அன்று நல்ல பிள்ளையாக இல்லை. இறுகுவதற்கு முன்பு எந்தச் சீலரும் முரட்டுத்தனமாகத்தான் நடந்துகொள்ளும். பழைய எபாக்சி சீலரான ஏஹெச் 26 இறுகும்போது ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். கால்சியம் சிலிகேட்டின் கடும் காரத்தன்மை தன்னைத் தொடும் செல்களைக் கொல்லும்.

30 நாளில் எல்லாமே கொஞ்சம் அடங்கின. 60 நாளில்தான் ஆளுக்கொரு வழி. எபாக்சியைச் சுற்றி, திசு அடங்கிவிட்டதற்கு அடையாளமாக, மெல்லிய நார் உறை; கொலாஜன் இழைகள் வரிசையாகப் படிந்திருந்தன. யூஜினால் பக்கம் அழற்சி செல்களான லிம்போசைட்டுகளும் மேக்ரோபேஜ்களும் இன்னும் கலையவில்லை. ஈரம் பட்டால், இறுகிய அந்தச் சீலரில் உள்ள துத்தநாக யூஜினோலேட் சிதைந்து யூஜினால் கசிந்துகொண்டே இருக்கும் என்று பாடத்தில் படித்ததுதான், ஆனால் கண்ணால் பார்த்தபோதுதான் மனதில் ஏறியது.

கால்சியம் சிலிகேட்தான் என்னை அலைக்கழித்தது. அது கால்சியத்தை வெளிவிட, திசுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கால்சைட் படிகமாகும். கால்சியப் படிவைக் காட்டும் வான் கோசா சாயத்தில் அது கறுப்பாகத் தெரிய வேண்டும். என் முதல் ஸ்லைடுகளில் ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் சாயத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கைடு கேட்டார்: "ஃபார்மலின் பஃபர் பண்ணினதா?" இல்லை. திசு கெடாமல் போட்டுவைக்கும் ஃபார்மலினில், அமிலமாகாமல் காக்கும் பஃபர் சேர்க்கவில்லை. அது பழசாகி அமிலமாகி, சின்னப் படிகங்களைக் கரைத்துவிட்டிருந்தது. தப்பு என்னுடையது. இரண்டு எலிகள் வீணாய்ப் போனதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் போட்ட அடுத்த தொகுதியில் குழாய் வாயருகே கறுப்பு மணிகள் வந்தன. சாயம் ஏற்றாத துண்டை முனைவாக்க ஒளியில் வைத்தால் அவை உப்புத் தூள் போல மினுங்கின. அன்று ஆய்வகத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். எலியின் முதுகில் கிருமி இல்லை, பழுத்த வேர் நுனியில் உண்டு. உள்ளே சுத்தம் செய்வது சரியாக இல்லையென்றால் எந்தச் சீலர் போட்டும் புண் ஆறாது.

இப்போது கிளினிக்கில், நுனியில் சிறு பொட்டோடு போனவர் மறுநாள் வலிக்கிறது என்று போன் செய்தால், அந்த ஏழாம் நாள் ஸ்லைடு நினைவுக்கு வரும். வலிக்கு மாத்திரை சொல்லி, தினமும் விசாரித்து, சில மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பேன். வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க மாட்டேன், நேரில் வரச் சொல்வேன். கீழ்த்தாடைப் பல்லில் சிகிச்சை செய்து, மரப்பு ஊசியின் வேகம் தீர்ந்த பிறகும் உதடோ தாடையோ மரத்தே இருந்தால் கதை வேறு. சீலர் நரம்புக் கால்வாய்க்குள் போயிருக்கலாம். அன்றைக்கே ஸ்கேன் எடுத்து, அறுவை நிபுணரிடம் அனுப்பிவிடுகிறேன்.